திரையில் பெய்த மழை

பழைய தமிழ்ப் படம் என்றால் கோடு கோடாக மழை பெய்யும், முகங்கள் வெளுத்திருக்கும், பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும் என்று ஒரு தலைமுறையே நம்பி வளர்ந்திருக்கிறது. விசிடியும் டிவிடியும் வளர்த்த நம்பிக்கை அது. அந்தக் காலத்து ஒளிப்பதிவே அப்படித்தான் என்பது பெரிய அநியாயம். குறை எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயம் அந்த வட்டுகளிலேயே இருக்கிறது. ரீல் முடியும் தறுவாயில் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அடுத்த புரொஜெக்டரை ஓட்டச் சொல்லி ஆபரேட்டருக்குத் தரும் சைகை அது. அதே இடத்தில் வசனம் பாதியில் அறுந்து காட்சி தாவும்; அறுந்த பிலிமை வெட்டி ஒட்டியதன் தழும்பு. நெகட்டிவில் ஒட்டிய தூசி திரையில் வெள்ளையாகத் தெரியும், பிரிண்டில் ஒட்டியது கருப்பாக. பல வட்டுகளில் கருப்புப் பொட்டுகளே மிகுதி. நகரத்துக் கொட்டகையில் தொடங்கி டூரிங் டாக்கீஸ் வரை ஓடித் தேய்ந்த பிரிண்டுதான் வட்டில் ஏறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

விசிடியின் கொள்ளளவே குறைவு, பிரிண்டைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். குறைவுதான்: 352க்கு 288 புள்ளிகள், நொடிக்கு 1,150 கிலோபிட், ஒரு வட்டில் 74 நிமிடம். ஆனால் இந்தச் சிக்கனத்துக்குத்தான் தூய்மையான மூலம் அதிகம் தேவை. முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதி இடத்தை மிச்சப்படுத்துவது எம்பெக் முறை. கீறலோ பிரேமுக்குப் பிரேம் இடம் மாறுகிறது. நடிகரின் கண்ணுக்குச் சேர வேண்டிய தகவலை மழைக்கோடு தின்றுவிட, முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட டிவிடியிலும் அதே பிரிண்டை ஏற்றினால் கீறல்தான் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒலிக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. பிலிமின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிந்த ஒலியில் ஒவ்வொரு கீறலும் ஒரு சடசடப்பு. அதை நீக்கக் கண்மூடித்தனமாக இரைச்சலை வடிகட்டினால் மேல் அதிர்வுகளும் சேர்ந்து போகும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்காக மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாகஸ்வரத்தின் கம்பீரம் இருப்பதே அந்த மேல் அதிர்வுகளில்தான். நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படத்தை ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறைக்காக 25 ஆக ஓட்டினாலோ, சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். 175 நிமிடப் படம் 168 நிமிடத்தில் முடியும். ஒற்றைத் தடத்தில் பதிந்ததை ஆறு ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்துவிட்டு ‘5.1’ என்று அட்டையில் அச்சிடுவதை மேம்பாடு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மலிவு வட்டு இல்லாவிட்டால் இந்தப் படங்கள் சிங்கப்பூருக்கும் டொரொன்டோவுக்கும் போயிருக்குமா என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நெகட்டிவ் அழிந்த படத்துக்குத் தேய்ந்த பிரிண்டே கதி என்பதும் உண்மை. ஆனால் சினிமாஸ்கோப் படத்தின் இரு ஓரங்களை வெட்டியதும், பழைய சதுரச் சட்டகத்தை அகலத் திரைக்கு இழுத்து முகங்களை உப்ப வைத்ததும் எந்த வறுமையால்? 1964இல் பந்துலு எடுத்த ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குக்கு வந்தபோது, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தவர்கள் குருக்ஷேத்திரப் புழுதியின் நிறத்தையும் சிவாஜியின் கவசத்து மினுக்கத்தையும் மழையில்லாமல் கண்டார்கள்.