மங்கலுக்கும் ஒரு வரலாறு உண்டு

நல்ல முகப்படம் ஒன்றைப் பாருங்கள். முகம் பளிச்சென்று இருக்கும். பின்னால் உள்ள மரமும் தெருவிளக்கும் உருகி வழிந்ததுபோல இருக்கும். அந்த மங்கலின் அழகுக்குப் பெயர் பொக்கே. (பூங்கொத்து இல்லை, இது ஜப்பானியச் சொல்!)

1839-ல் தாகுவேரின் புகைப்பட முறை பாரிஸில் வெளியானபோது, கேமராவில் இருந்தது ஷெவாலியேயின் லென்ஸ். அதன் துளை ஏறக்குறைய எஃப்/16. ஒரு படம் எடுக்கப் பல நிமிடங்கள் ஆகும். கட்டடம் அசையாமல் நிற்கும், மனிதன் நிற்பானா?

வியன்னாவின் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால் 1840-ல் இதற்கு விடை கண்டார். அவர் கணக்குப் போட்டு வடிவமைத்த லென்ஸின் துளை சுமார் எஃப்/3.6. அதாவது, கிட்டத்தட்ட 20 மடங்கு ஒளி! ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் அதைத் தயாரித்தது. முகப்படத் தொழிலே அதனால் வளர்ந்தது.

பெட்ஸ்வால் குறிவைத்தது ஒளியையும் படத்தின் நடுவில் கூர்மையையும். ஓரங்கள் அவ்வளவு ஒழுங்காக அமையவில்லை. சாய்வாக வரும் ஒளியில் ஒரு பகுதியை லென்ஸ் குழாயே வெட்டிவிடும். அதனால் பின்னணியின் ஒளிப்புள்ளிகள் பூனைக்கண் போல ஒடுங்கி, நடுவைச் சுற்றி அடுக்கி நிற்கும். பார்ப்பதற்குப் பின்னணியே சுழல்வது போலத் தெரியும்.

அடுத்த காரணம் கோளப்பிறழ்ச்சி. லென்ஸின் விளிம்பு வழியாக வரும் கதிரும் நடு வழியாக வரும் கதிரும் ஒரே இடத்தில் குவியாத குறை இது. இதை அளவுக்கு மீறித் திருத்தினால், பின்னணியின் மங்கல் வட்டங்களுக்கு விளிம்பு பிரகாசமாகிவிடும். மரக்கிளைகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். கொஞ்சம் குறைவாகத் திருத்தினால் வட்டத்தின் ஓரம் மெல்லக் கரையும்; பின்னணி பட்டுப்போல ஆகும். ஆனால் அப்போது முன்னால் இருக்கும் மங்கல் கரடுமுரடாகும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது!

நிக்கான் 1990-ல் வெளியிட்ட 135 மி.மீ. டிசி லென்ஸில், எந்தப் பக்கம் மென்மை வேண்டும் என்பதை வளையத்தைத் திருகியே தேர்ந்துகொள்ளலாம். மினோல்டா 1999-ல் வேறு வழி பிடித்தது. ஓரத்தை நோக்கிக் கருமையாகும் கண்ணாடி ஒன்றை உள்ளே வைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் வட்டங்களின் விளிம்பைக் கரைத்தது. இதற்கிடையே 1997-ல் அமெரிக்காவின் 'போட்டோ டெக்னிக்ஸ்' இதழ் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன், உச்சரிப்பு தவறாமல் இருக்க 'எச்' எழுத்தைக் கடைசியில் சேர்த்து, இந்தச் சொல்லை ஆங்கில வாசகர்களிடையே பரப்பினார்.

பெட்ஸ்வால் தம் லென்ஸால் பெரிய செல்வம் அடையவில்லை. ஃபோக்ட்லாண்டருடன் பல ஆண்டுகள் சண்டை. 1859-ல் வீடு புகுந்த திருடர்களால் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் அழிந்தன. 1891-ல் இறந்தார். 2013-ல் லோமோகிராபி நிறுவனம் அவர் லென்ஸைப் புதிதாகச் செய்ய மக்களிடம் பணம் திரட்டியபோது, ஆயிரக்கணக்கானோர் கொடுத்தார்கள். அவர்களை இழுத்தது பெட்ஸ்வால் பாடுபட்டுப் பெற்ற கூர்மை இல்லை. ஓரத்தில் தானாக வந்து சேர்ந்த அந்தச் சுழல்தான்!