வாகனத்தில் கைத்துப்பாக்கி: சேண உறையிலிருந்து பூட்டிய பெட்டி வரை

பயணத்தின்போது கைத்துப்பாக்கியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஏறத்தாழ ஒரே வயது. குதிரை, கோச்சு வண்டி, மோட்டார் கார் என வாகனம் மாறியபோதெல்லாம் விடையும் மாறிவந்தது. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் ஆபத்து நேரத்தில் துப்பாக்கி உதவும். ஆனால் உரியவரின் கைக்கு எட்டுவது பிறர் கைக்கும் எட்டும். இந்த முரண்பாடே இவ்வரலாறு நெடுகிலும் தொடர்கிறது. இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவைப் பற்றியது. தனியாரிடம் துப்பாக்கியும் காரும் மிகுதியாக உள்ள நாடு அது. இரண்டும் சேருமிடத்தில் எழுந்த சிக்கல்களுக்கு அங்கே மாநிலத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தொடக்கம் மட்டும் ஐரோப்பாவில்.

குதிரையும் கோச்சு வண்டியும்

தொடக்ககாலத் துப்பாக்கிகளை எரியும் திரியால் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஒரு கையில் கடிவாளத்தையும் மறு கையில் கனன்றுகொண்டிருக்கும் திரியையும் பிடித்துக்கொண்டு குதிரை ஓட்டுவது எளிதல்ல. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சக்கரப்பொறித் துப்பாக்கி இதை மாற்றியது. சாவியால் முறுக்கிவைத்த சிறு சக்கரம் சுழன்று தீப்பொறி உண்டாக்கும். ஆகவே மருந்தை முன்கூட்டியே கெட்டித்து, பொறியை முறுக்கி, அப்படியே எடுத்துச் செல்லலாம். குதிரைவீரர்கள் சேணத்தின் முன்புறம் இருபக்கமும் இரண்டு தோல் உறைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துப்பாக்கியைச் செருகினர். மேலங்கிக்குள் ஒளித்து எடுத்துச் செல்லவும் இது வசதியாக இருந்ததால், 1517ஆம் ஆண்டையொட்டிப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இவ்வகைத் துப்பாக்கிகளுக்குத் தடை விதித்தார்.

சேண உறையில் ஒரு குறை உண்டு. அங்கே துப்பாக்கி குதிரையோடு இருக்கிறது, மனிதனோடு இல்லை. வீரன் கீழே விழுந்து குதிரை ஓடிவிட்டால் துப்பாக்கியும் போய்விடும். இக்குறையை மறந்துவிட வேண்டாம். காரைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

இங்கிலாந்தில் 1784 ஆகஸ்டு 2 அன்று பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் அஞ்சல் கோச்சு வண்டி புறப்பட்டது. திட்டத்தை வகுத்தவர் ஜான் பால்மர். வழிப்பறிக்காரர்களுக்கு அஞ்சி, வண்டியின் பின்புறம் ஒரு காவலர் அமர்த்தப்பட்டார். வாய் அகன்ற குட்டைத் துப்பாக்கி ஒன்றும் கைத்துப்பாக்கிகள் இரண்டும் அவரிடம் இருந்தன. நேரம் குறிக்க ஒரு கடிகாரமும் கொடுத்தார்கள். வழியில் யாரும் முள்ளைத் திருப்பிவிடக் கூடாதென்று அக்கடிகாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பூட்ட வேண்டிய பொருள் எது என்பதில் அந்தக் காலத்தவரின் கணக்கு வேறாக இருந்திருக்கிறது!

அமெரிக்கச் சுழல் துப்பாக்கிகள்

சாமுவேல் கோல்ட் தம் சுழல் துப்பாக்கிக்கு 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1847இல் வந்த அவருடைய வாக்கர் வகைத் துப்பாக்கி இரண்டு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. இடுப்பில் கட்ட முடியாது. சேண உறையில்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

1873இல் வந்த கோல்ட் ராணுவத் துப்பாக்கி இடுப்பில் அணியும் அளவுக்கு இலகுவானது. ஆனால் ஒரு கோளாறு இருந்தது. ஆறு அறைகளிலும் தோட்டா நிரப்பினால், சுத்தியலின் கூர்முனை தோட்டாவின் அடிப்பகுதியை ஒட்டியே நிற்கும். துப்பாக்கி கீழே விழுந்தாலோ சுத்தியலில் அடி பட்டாலோ விசையைத் தொடாமலே வெடிக்கும். குலுங்கும் வண்டியில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஐந்து தோட்டாக்களை மட்டும் போட்டு, ஆறாவது அறையைக் காலியாக விட்டு, அதன்மேல் சுத்தியலை இறக்கிவைப்பது வழக்கமானது. பின்னாளில் தயாரிப்பாளர்களே இதற்கு வழி செய்தனர். இரண்டாம் உலகப் போரின்போது ஒரு கடற்படை வீரர், கப்பலின் எஃகுத் தளத்தில் விழுந்த துப்பாக்கி வெடித்து இறந்தார். அதன்பின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் தன் சுழல் துப்பாக்கிகளில் சுத்தியலைத் தடுக்கும் பொறியை மாற்றியமைத்தது. பழைய கோல்ட் பாணியில் துப்பாக்கி செய்துவந்த ரூகர் நிறுவனம் 1973இல் விசையை இழுத்தாலொழியச் சுத்தியலின் அடி தோட்டாவைச் சேராத அமைப்புக்கு மாறியது. 1873க்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து!

கையுறைக்கான பெட்டி

தொடக்ககாலக் கார்களுக்குக் கூரையும் கண்ணாடியும் கிடையாது. குளிருக்கும் தூசிக்கும் கையுறை இல்லாமல் ஓட்ட முடியாது. அவற்றை வைக்க அமைந்த சிறு அறைதான் கையுறைப் பெட்டி. நம் ஊரில் அதை டேஷ்போர்டு என்றே சொல்லிவிடுகிறோம்.

இப்பெட்டியையும் கைத்துப்பாக்கியையும் ஒரே நூலில் காணலாம். ஆங்கிலேயப் பந்தய ஓட்டுநரான டாரத்தி லெவிட் 1909இல் பெண்களுக்காக ஒரு கார் கையேடு வெளியிட்டார். இருக்கையின் கீழுள்ள சிறு இழுப்பறையில் மாற்றுக் கையுறை, முகத்திரை, கண்ணாடி போன்றவற்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தனியாக நெடுஞ்சாலையில் செல்லும் பெண் ஒரு சிறிய கைத்துப்பாக்கியும் வைத்துக்கொள்வது நல்லது என்கிறார். அவரிடம் இருந்தது கோல்ட் தானியங்கி. கைக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்க்கும் யோசனையும் அதே நூலில் உண்டு.

கார்களுக்குக் கூரை வந்தது, வெப்பமூட்டி வந்தது, கையுறை போனது, பெட்டி மட்டும் தங்கிவிட்டது. அமெரிக்க ஓட்டுநர் பலர் அதில் துப்பாக்கி வைத்தனர். கட்டுமானத்தைப் பார்த்தால் இதற்கு அது பொருத்தமே இல்லை. பூட்டு இருந்தாலும் மெல்லியது. ஒரு திருப்புளி போதும். காரின் பதிவுச் சான்றும் காப்பீட்டுத் தாளும் இருப்பது அதே பெட்டியில். சாலையில் காவலர் நிறுத்தி ஆவணம் கேட்கும்போது ஓட்டுநர் கை நீட்டித் திறப்பதும் அதைத்தான். உள்ளே துப்பாக்கி தெரிந்தால் அடுத்த நொடியில் இருதரப்பிலும் என்ன நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மிச்சிகன் போன்ற சில மாநிலங்கள், உரிமம் பெற்றுத் துப்பாக்கி கொண்டுசெல்பவர் நிறுத்தப்பட்டவுடன் தாமாகவே அதைக் காவலரிடம் சொல்ல வேண்டும் என்று விதித்திருப்பதன் காரணம் இதுவே.

பயணி என்பவர் யார்?

டெக்சாஸ் மாநிலம் 1871இல் கைத்துப்பாக்கி அணிந்து நடமாடுவதைத் தடை செய்தது. ஆனால் மாநிலத்தில் பயணம் செய்வோர் தம் மூட்டை முடிச்சுகளோடு ஆயுதம் கொண்டுசெல்லலாம் என்று விலக்கு அளித்தது. பயணி என்பவர் யார் என்பதை மட்டும் வரையறுக்கவில்லை. எவ்வளவு தூரம் போனால் பயணம்? இரவு தங்க வேண்டுமா? வழியில் கடைக்குப் போனால் பயணம் முடிந்துவிடுமா? நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு வெவ்வேறு விடை சொல்லின. குதிரைக் காலத்துச் சொல் கார் காலத்தில் நூறாண்டுக்கும் மேல் இழுபட்டது. 2005இல் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சொந்தக் காரில் துப்பாக்கியை மறைத்துவைத்திருப்பவர் பயணியாகக் கருதப்படுவார் என்று சட்டம் கூறியது. அப்போதும் கைதுகள் நிற்காததால், 2007இல் பயணி என்ற சிக்கலே எழாதவாறு, சொந்தக் காரில் மறைவாக வைத்திருப்பது குற்றமல்ல என்று திருத்தப்பட்டது.

கலிபோர்னியா எதிர்த் திசையில் சென்றது. 1966இல் ஓக்லண்டில் தோன்றிய கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர், தோட்டா நிரப்பிய துப்பாக்கிகளை வெளிப்படையாகத் தாங்கி, காரில் காவல்துறை ரோந்தைப் பின்தொடர்ந்து கண்காணித்தனர். அன்றைய சட்டப்படி அது குற்றமல்ல. அதைத் தடுக்க மல்ஃபோர்டு மசோதா வந்தது. 1967 மே 2 அன்று அவர்கள் ஆயுதங்களுடனேயே சாக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். மசோதா நிறைவேறியது, ஆளுநர் ரொனால்டு ரேகன் ஒப்பமிட்டார். பொது இடத்திலும் அங்குள்ள வாகனத்திலும் தோட்டா நிரப்பிய துப்பாக்கி வைத்திருப்பது குற்றமானது. துப்பாக்கி உரிமையைப் போற்றும் அரசியல்வாதிகளும் அச்சட்டத்தை ஆதரித்தது, துப்பாக்கியை யார் ஏந்துகிறார் என்பதைப் பொறுத்துக் கொள்கை மாறும் என்பதைக் காட்டியது.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறானால், எல்லை தாண்டுபவர் என்ன செய்வார்? 1986இன் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி சொன்னது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவர் இடையிலுள்ள மாநிலங்களைக் கடந்து செல்லலாம். தோட்டா நீக்கியிருக்க வேண்டும். துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எளிதில் எட்டக் கூடாது. அதாவது டிக்கியில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வாகனமானால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டி கையுறைப் பெட்டியாகவோ இருக்கைகளுக்கு நடுவிலுள்ள அறையாகவோ இருக்கக் கூடாது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. கலிபோர்னியச் சட்டத்திலும் கையுறைப் பெட்டி பூட்டிய பெட்டியாகாது.

சுமப்பதா, கொண்டுபோவதா?

கையுறைப் பெட்டி உச்ச நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கியைக் 'கொண்டுசெல்பவருக்கு' கூடுதலாக ஐந்தாண்டுச் சிறை என்பது கூட்டரசுச் சட்டம். கஞ்சா விற்ற ஒருவரின் சரக்குந்தில், பூட்டிய கையுறைப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கி இருந்தது. அவர் அதைக் கொண்டுசென்றாரா, அல்லது வாகனம்தான் கொண்டுசென்றதா? 1998இல் முடிவான மஸ்கரெல்லோ வழக்கின் மையக் கேள்வி இதுவே.

இலக்கணப் பாடம் நடத்தியவர்களுக்கு இத்தீர்ப்பு விருந்து. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரையர் அகராதிகளைப் புரட்டினார். விவிலியத்தையும் 'ராபின்சன் குருசோ'வையும் 'மோபி டிக்'கையும் சான்று காட்டினார். அச்சொல் செய்தித்தாள்களில் எவ்வாறு ஆளப்படுகிறது என்று கணினியில் தேடவும் செய்தார். வண்டியில் வைத்துக் கொண்டுபோவதும் அச்சொல்லின் இயல்பான பொருளே என்பது அவர் முடிவு. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கின்ஸ்பர்க், ஆயுதம் என்று வரும்போது உடம்பில், உடனே எடுக்கும்படி வைத்திருப்பதையே அச்சொல் குறிக்கும் என்றார். 'மாஷ்' தொலைக்காட்சித் தொடரைக்கூட மேற்கோள் காட்டினார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிரையர் பக்கம் வென்றது. ஆக, கையுறைப் பெட்டியில் துப்பாக்கி வைத்தவர் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வையில் அதைப் பத்திரப்படுத்தவில்லை. 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பார்வையில் அதை ஏந்தியவர் ஆகிறார்.

நிறுத்திவைத்த காரும் பின்னிருக்கைக் குழந்தையும்

இதுவரை கண்ட சட்டங்கள் காருக்குள் மனிதர் இருக்கும் நிலைமையையே எண்ணி எழுதப்பட்டவை. அவர் இறங்கிப் போனபின் என்ன? துப்பாக்கியைப் பள்ளிக்குள்ளும் நீதிமன்றத்துக்குள்ளும் கொண்டுபோக முடியாது. அலுவலகங்கள் பலவற்றிலும் தடை. எனவே வெளியில் துப்பாக்கி கொண்டுசெல்வோர் பெருகப் பெருக, காரில் விட்டுச் செல்லப்படும் துப்பாக்கிகளும் பெருகின. அமெரிக்க நகரங்களில் திருடுபோகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு இன்று வாகனங்களிலிருந்தே போகிறது. குதிரையோடு போன சேண உறைத் துப்பாக்கியின் கதைதான் இது.

2015 ஜூன் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில், கூட்டரசு நில மேலாண்மைத் துறையின் காவல் அலுவலர் ஒருவர் நிறுத்திவைத்த காரிலிருந்து அவருடைய கைத்துப்பாக்கி திருடுபோனது. ஜூலை 1 அன்று கடற்கரையோரம் தந்தையுடன் நடந்துகொண்டிருந்த இளம்பெண் அத்துப்பாக்கியின் குண்டு பாய்ந்து இறந்தார். நாடு முழுவதும் இதைக் குடியேற்ற அரசியலாகவே விவாதித்தது. துப்பாக்கி அங்கே எப்படி வந்தது என்ற கேள்வியைக் கலிபோர்னியச் சட்டமன்றம் விடவில்லை. ஆளில்லாத வாகனத்தில் கைத்துப்பாக்கியை விட்டுச் செல்பவர், காவலரே ஆனாலும், டிக்கியிலோ பார்வைக்குத் தெரியாத பூட்டிய பெட்டியிலோ வைத்துப் பூட்ட வேண்டும் என்ற சட்டம் 2016இல் நிறைவேறி 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. கொலராடோவில் 2025 ஜனவரி முதல் நடப்பிலுள்ள சட்டம், ஆளில்லாத வாகனத்தில் உள்ள கைத்துப்பாக்கிக்குக் கெட்டியான பக்கங்களுடைய பூட்டிய பெட்டி வேண்டும் என்கிறது. துணிப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் போதாது.

இருக்கைக்கு அடியில் வைப்பது இன்னும் மோசம். 2016இல் மில்வாக்கி நகரில் ஒரு தாய் காரோட்டிச் செல்ல, ஓட்டுநர் இருக்கையின் கீழிருந்த துப்பாக்கி பின்பக்கம் சறுக்கி வந்தது. பின்னிருக்கையிலிருந்த இரண்டு வயதுக் குழந்தை எடுத்தது. இருக்கையைத் துளைத்த குண்டில் தாய் இறந்தார். அங்கே திருடனும் இல்லை, பகைவனும் இல்லை. பிரேக் பிடித்தால் எதுவும் நகரும் என்ற எளிய இயற்பியல்தான் இருந்தது.

இந்நிகழ்வுகளிலிருந்து இன்றைய பயிற்சியாளர்களின் நடைமுறை உருவாகியிருக்கிறது. துப்பாக்கி உடம்பில் இருந்தால் விசையை முழுதும் மூடும் கெட்டி உறையில் இருக்க வேண்டும். உடம்பில் இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். கதவின் பையும், இருக்கை இடுக்கும், காந்தம் வைத்த பிடியும் வேண்டாம். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் தவறிச் சுட வாய்ப்பு உண்டு என்பதால், ஓடும் காரில் அதைத் தொடவே கூடாது. பெட்டிக்குள் வைப்பதைப் போய்ச்சேரும் இடத்தின் வாகன நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்கச் செய்யாமல், புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும். துப்பாக்கி நிறுவன ஒட்டுவில்லையைக் கார்க் கண்ணாடியில் ஒட்டுவது திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பதற்குச் சமம். சிறிய எஃகுப் பெட்டியை இருக்கைச் சட்டத்தோடு கம்பிவடத்தால் பிணைப்பார்கள். நல்ல வெட்டுக் குறடு கொண்டுவந்தவனிடம் அந்த வடம் நெடுநேரம் தாங்காது. ஆகவே பெட்டி சில மணி நேரத்துக்குத்தான்; இரவில் துப்பாக்கி காரில் இருக்கக் கூடாது, வீட்டுக்குள் எடுத்துச்சென்று அங்குள்ள பெட்டகத்தில் பூட்ட வேண்டும். துப்பாக்கியின் வரிசை எண்ணைத் தனியே குறித்து வீட்டில் வைத்திருந்தால், திருடுபோன அன்றே காவல் நிலையத்தில் கொடுக்கலாம். எண் இல்லாத புகாரை வைத்து, பின்னால் கைப்பற்றப்படும் துப்பாக்கி யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினம்.