முயல் தூங்கிப்போனதால்

பீடோர் பக்கத்துக் கிளினிக்குகளில் மருந்துக்குக் காத்திருக்கும் பாட்டிமார் பலர் ஒரு காலத்தில் பால்மரம் சீவியவர்கள். இப்போது இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர். "உடைக்காதீங்க பாட்டி, அப்படியே முழுங்கிடுங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். ஏன் என்று விளக்க அந்த வரிசையில் நேரம் ஏது? மாத்திரை வயிற்றில் கூழாக ஊறி, மருந்தை மெல்ல மெல்லக் கசியவிடும். நசுக்கினால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

இந்த வகைக்கு மூத்தது, 1952இல் அமெரிக்காவின் ஸ்மித் க்ளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பான்சூல். கேப்சூலுக்குள் குட்டிக் குட்டி மணிகள். பூச்சு மெலிந்தவை முதலில் கரையும், தடித்தவை பிறகு. மருந்து நீடித்தது, சீராக இறங்கவில்லை. விடியலில் சீவிய மரம் முதலில் கடகடவென்று வடித்து, வெயில் ஏறியதும் சொட்டுச் சொட்டாகிவிடுமே, அந்தக் கணக்குத்தான்.

சீராக இறங்க வழி காட்டியது ஒரு முயல். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் மருத்துவர் வேலை பார்த்தார். முயலின் ரத்தம் சிலிக்கோன் ரப்பர் குழாய் வழியாக வெளியே வந்து மறுபடி உடலுக்குள் போனது. குழாயைச் சுற்றி மயக்க வாயு. மூக்கருகே எதுவும் காட்டவில்லை, ஆனாலும் முயல் தூங்கிப்போனது! வாயு குழாயின் சுவரையே ஊடுருவி ரத்தத்தில் கலந்திருந்தது. (சிலிக்கோன் ரப்பர் நம் மரத்துப் பால் இல்லை, ரசாயனச் சரக்கு.)

அப்படியென்றால் மருந்தைக் குழாய்க்குள் அடைத்து இரு முனைகளையும் மூடி, உடலுக்குள் வைத்தால்? ஃபோக்மனும் டேவிட் லாங்கும் 1964இல் இதை எழுதி வெளியிட்டார்கள். சுவரின் கனமும் பரப்பும் மாறாமல், உள்ளே மருந்தும் மிச்சமிருக்கும்வரை, இன்று கசிவதும் நாளை கசிவதும் ஒரே அளவு. என்னைக் கேட்டால், நிஜமான பிறப்பு இதுதான். ஃபோக்மன் காப்புரிமையைக் காசு வாங்காமல் பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அந்த வழியில் வந்ததுதான் நார்பிளாண்ட்: கைத்தோலுக்கடியில் ஆறு சின்னக் குழாய்கள், ஐந்து வருடத்துக்குக் கருத்தடை. 1983இல் பின்லாந்து முதலில் அனுமதித்தது.

அதே யோசனையை நம்பி உருகுவேயில் பிறந்த அலெஹாந்த்ரோ சாஃபரோனி 1968இல் ஆல்சா நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே ஃபெலிக்ஸ் தெயூவெஸ் மாத்திரையையே ஒரு பம்பாக்கினார். மேலே தண்ணீரை மட்டும் உள்ளே விடும் ஓடு, அதில் லேசரால் போட்ட ஒரு பொடித்துளை. இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் இப்படி 1989இல் அமெரிக்காவில் வந்தபோது, உள்ளே இன்னொரு அடுக்கும் இருந்தது: தண்ணீர் குடித்து உப்பி, மருந்தைத் துளை வழியே தள்ளும். ஓடு மட்டும் கரையாது, மலத்தோடு முழுசாக வெளியே வரும். அதைப் பார்த்து, மருந்து உடம்பில் ஒட்டவேயில்லை என்று பதறி இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது.