நாய்களுக்கான அமைதிப் பயிற்சி

நாய்களுக்கான அமைதிப் பயிற்சி என்பது, எளிதில் கிளர்ச்சியடைந்து ஆட்களின் மேல் பாய்தல், ஓயாது குரைத்தல், கயிற்றை இழுத்து ஓடுதல், கதவைப் பிறாண்டுதல் போன்ற செயல்களில் ஈடுபடும் வளர்ப்பு நாய்க்கு, தன் கிளர்ச்சியைத் தானே தணித்துக்கொண்டு ஓய்ந்திருக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஆகும். "உட்கார்", "நில்" முதலான கட்டளைப் பயிற்சியிலிருந்து இது வேறுபட்டது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து உட்கார்ந்திருக்கும் நாய் உள்ளுக்குள் பதறிக்கொண்டே இருக்கக்கூடும். அமைதிப் பயிற்சி உடலின் இருக்கையை மட்டும் அன்றி, அந்தப் பதற்றத்தையே மாற்ற முயல்கின்றது.

தமிழ்நாட்டில் இப்பயிற்சியின் தேவை மிகுதியாக உணரப்படக்கூடிய பகுதி விருதுநகர் மாவட்டம் ஆகும். இராஜபாளையம், சிப்பிப்பாறை என்னும் இரண்டு நாட்டு நாயினங்கள் இம்மாவட்டத்து ஊர்களின் பெயரைத் தாங்கியுள்ளன. இரண்டும் வேட்டைக்கெனப் பேணப்பட்டவை; சிறு அசைவுக்கும் விழித்தெழுபவை. அதே மாவட்டத்தில்தான் இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் பெரும்பங்கை வகிக்கும் சிவகாசியும் உள்ளது. கோயில் பொங்கல், திருமணம், இறுதி ஊர்வலம், தேர்தல் வெற்றி என ஆண்டு முழுவதும் வேட்டுச் சத்தம் கேட்கும் ஊரில், பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் அந்த ஓசையை நிறுத்திவிட்டு நாயைப் பழக்குவது என்பது நடவாத செயல். ஓசை இருக்கும்போதே நாயைப் பழக்க வேண்டியுள்ளது.

== கிளர்ச்சியின் தன்மை ==

நாயின் மிகைக் கிளர்ச்சிக்குப் பொதுவாக இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று மகிழ்ச்சி: வீட்டார் திரும்பும்போதும், சோற்றுத் தட்டைக் காணும்போதும், உலாவக் கயிற்றை எடுக்கும்போதும் தோன்றுவது. மற்றொன்று அச்சம்: அந்நியர், வண்டி, இடி, வெடி ஆகியவற்றால் தோன்றுவது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் அட்ரினலின் சுரந்து, நெஞ்சத் துடிப்பு விரைந்து, தசைகள் ஓடுவதற்கு ஆயத்தமாகின்றன. அந்நிலையில் நாயால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள இயலாது. தன் பெயரைக்கூட அது கேட்பதில்லை. "சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்று உரிமையாளர் அடிப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

இரண்டையும் பிரித்தறிய உடற்குறிகளே உதவுகின்றன. மகிழ்ந்த நாயின் உடல் தளர்ந்து வளையும். வால் அகலமாக ஆடும். தின்பண்டம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். அஞ்சிய நாய் வாலை இடுக்கும், காதைப் பின்னுக்கு மடிக்கும், வெயில் இல்லாதபோதும் மூச்சிரைக்கும், உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், பிடித்த உணவையும் மறுக்கும். உணவை மறுத்தல் எளிதில் காணக்கூடிய அடையாளம் என்பதால் பயிற்றுநர்கள் அதை ஓர் அளவுகோலாகவே கொள்கின்றனர்.

பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 13,700 நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஓசை அச்சமே மிகப் பரவலான பதற்றக் குறையாக இருந்தது. 32 விழுக்காடு நாய்களிடம் அது காணப்பட்டது. வெடிக்கு நடுங்கும் நாய் கோழை நாய் என்று எண்ணுவது பொருந்தாது.

== இராஜபாளையம் நாய்களும் கேள்விக் குறைபாடும் ==

இராஜபாளையம் நாய் உயரமான, பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய வேட்டை நாய். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டது. இந்திய அஞ்சல் துறை 2005 சனவரி 9 அன்று வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல் தலைகளில் இதுவும் ஒன்று. ஓரிருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்வதும் அந்நியரை ஏற்காமையும் இவ்வினத்தின் இயல்புகள் என்பர். ஓடுவதற்கென்றே அமைந்த இந்த உடலை இரண்டு முழச் சங்கிலியில் பகலெல்லாம் கட்டி வைத்துவிட்டு, மாலையில் அவிழ்த்ததும் பாய்கிறது என்று குறைசொல்வதில் பொருள் இல்லை.

இவ்வினத்தைப் பழக்குவோர் முதலில் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெள்ளை நிற நாய்களில் நிறமிக் குறைவோடு சேர்ந்து பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதுண்டு. இராஜபாளையம் நாய்களிலும் இது அறியப்பட்ட குறை. ஒரு காது மட்டும் கேளாத நாய்க்கு ஓசை எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. எனவே அது திகைத்து எல்லாப் பக்கமும் திரும்பும். இரு காதும் கேளாத நாயைத் தூக்கத்தில் தொட்டால் வெடுக்கென்று எழுந்து கடிக்கக்கூடும். இவற்றைப் "பிடிவாதம்" என்றும் "முரடு" என்றும் கொள்வது பெரும்பிழை. நாய் பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டிப் பார்ப்பது முதற்கட்டச் சோதனை. காற்றசைவோ தரை அதிர்வோ காட்டிக்கொடுத்துவிடாதபடி செய்ய வேண்டும். ஒரு காதுக் குறையை இவ்வாறு கண்டறிய இயலாது. அதற்கு மூளைத்தண்டின் மின்குறிகளைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். செவிட்டு நாயையும் கைச்சைகையால் நன்றாகப் பழக்கலாம்.

== அடிப்படைக் கோட்பாடு ==

இன்றைய பயிற்சி முறைகள் இரண்டு கற்றல் விதிகளின் மேல் நிற்கின்றன. முதலாவது, உருசிய உடலியலாளர் இவான் பாவ்லவ் நாய்களைக் கொண்டே விளக்கிய ஆக்கநிலையுறுத்தம்: ஒரு குறிக்குப் பின் தொடர்ந்து உணவு வந்தால், அந்தக் குறியே உணவு போன்ற விளைவை உடலில் உண்டாக்கும். இரண்டாவது வலுவூட்டல்: ஒரு செயலுக்குப் பின் நல்லது கிடைத்தால் அச்செயல் பெருகும்.

இரண்டாம் விதி வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகவே நடைபெறுகின்றது. நாய் பாயும்போது எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், கையால் தள்ளுகிறார்கள். நாய்க்கு இவை யாவும் விளையாட்டு. அது மூலையில் அமைதியாகப் படுத்திருக்கும்போது ஒருவரும் கண்டுகொள்வதில்லை. பாய்ந்தால் கவனம் கிடைக்கும் என்பதை இவ்வாறு வீட்டாரே கற்றுக்கொடுத்துவிடுகின்றனர்.

தண்டனையால் நாய் அடங்குவது போலத் தோன்றலாம். உறுமும் நாயை அடித்தால் உறுமலை விட்டுவிடும். உறுமலுக்குக் காரணமான அச்சம் அப்படியே இருக்கும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். பிழைச்செய்தி திரையில் தோன்றாதபடி செய்துவிட்டு நிரலைத் திருத்திவிட்டதாக நினைப்பதற்கு இது ஒப்பாகும். போர்த்துக்கலில் 92 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், தண்டனை முறையில் பயின்ற நாய்களிடம் பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்னும் அழுத்த இயக்குநீர் கூடுதலாக உயர்ந்திருந்தது.

== வீட்டில் செய்யும் பயிற்சி ==

'''பாய்ப் பயிற்சி''' இதன் மையம். ஒரு பழைய பாயையோ மடித்த சாக்கையோ வீட்டின் சந்தடி குறைந்த இடத்தில் விரிக்க வேண்டும். நாய் தானாக அதில் கால் வைத்ததும் ஒரு சிறு உணவுத்துண்டைப் பாயின் மேலேயே வைக்க வேண்டும். கையில் கொடுத்தால் நாய் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு படுத்தால் மட்டும் உணவு. பிறகு 3 வினாடி, 5 வினாடி, 10 வினாடி என்று நேரத்தை நீட்டிச் செல்லலாம். எப்போதும் கூட்டிக்கொண்டே போகாமல், இடையிடையே எளிதாக்குவது நல்லது. ஒருமுறைக்கு 5 நிமிடம் போதும்; நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். நாய் இடுப்பை ஒருபுறம் சாய்த்து, பெருமூச்சு விட்டு, தலையைக் கீழே வைப்பதே எதிர்பார்க்கும் பலன்.

அடுத்து இடையூறுகளைச் சேர்க்க வேண்டும்: பயிற்றுபவர் எழுந்து நிற்றல், ஓரடி விலகுதல், கதவைத் தட்டுதல், வாசலில் பால்காரரின் மணி. நாய் எழுந்துவிட்டால் திட்டக்கூடாது. இடையூறு பெரிதாகிவிட்டது என்பதே அதன் பொருள். ஒரு படி இறங்கி மீண்டும் தொடங்க வேண்டும்.

பாயும் நாய்க்கு, நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் வரவேற்பு என்பது விதி. பாய்ந்தால் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதில் வீட்டார் அனைவரும் ஒன்றுபட வேண்டும். தாத்தா மட்டும் பாயும்போது தட்டிக்கொடுத்தால் பயிற்சி அங்கேயே முடிந்தது. தொடக்கத்தில் சில நாட்கள் பாய்ச்சல் முன்னைவிடக் கூடும். பழைய உத்தி பலிக்காததால் நாய் மேலும் முயல்கின்றது. பலர் இக்கட்டத்தில்தான் கைவிட்டுவிடுகின்றனர்.

"நன்றாக ஓடவிட்டுக் களைப்பாக்கினால் அடங்கிவிடும்" என்னும் கருத்து பாதி உண்மை. நாள்தோறும் வெறித்தனமாகப் பந்தைத் துரத்தும் நாய்க்கு உடல்வலுவும் கிளர்ச்சியும் சேர்ந்தே வளர்கின்றன. மெதுவாக நடந்து மண்ணையும் செடியையும் மோப்பம் பிடிக்கவிடுதல், மென்று கடிக்கப் பொருள் கொடுத்தல், சோற்றைச் சாக்குக்குள் மறைத்துத் தேடவிடுதல் ஆகியவை கூடுதல் பயன் தருகின்றன. விருதுநகர் வெயிலில் உலாவை விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னும் வைத்துக்கொள்வது நல்லது. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பொறுக்க முடியவில்லை எனில் நாயின் பாதமும் பொறுக்காது.

பயிற்சி உணவாக உப்பு சேர்க்காமல் அவித்த கோழிக்கறி, முட்டைத் துண்டு ஆகியவை ஏற்றவை. சாத்தூர்ச் சேவு காரமும் உப்பும் மிக்கது. பரோட்டாச் சால்னாவில் உள்ள வெங்காயம் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இவையும் சாக்லேட், திராட்சை ஆகியவையும் கூடா.

== வெடியொலிக்குப் பழக்குதல் ==

மனிதருக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 1999இல் வகுக்கப்பட்ட இந்திய விதிகளின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஏ.ஐ. அளவீட்டில் 125 டெசிபெல்லுக்கோ சி உச்ச அளவீட்டில் 145 டெசிபெல்லுக்கோ மேல் ஒலிக்கும் வெடிகளுக்கு அனுமதி இல்லை. இதில் "ஏ" என்பது மனிதச் செவியின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்திய அளவீடு. நாய்ச் செவியின் கணக்கு இதில் அடங்காது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்தோறும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அதன்படி 4 மீட்டரில் 125 டெசிபெல்லாக உள்ள வெடி 64 மீட்டரிலும் ஏறத்தாழ 101 டெசிபெல்லாக இருக்கும். அடுத்த தெருவில் வெடித்தாலும் நாய் பதறுவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

படிப்படியாக அச்சம் நீக்கும் முறையை மனிதருக்கென 1958இல் நூலாக எழுதியவர் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப். அவர் அதை முதலில் சோதித்தது பூனைகளில். அச்சம் உண்டான அறையிலிருந்து தள்ளி உணவு கொடுத்து, சிறிது சிறிதாக அந்த அறைக்கே கொண்டுவந்தார். துப்பாக்கி ஒலிக்கு வேட்டை நாய்களைப் பழக்குவோரும், தொலைவில் தொடங்கி நெருங்கி வரும் இதே வழியையே பின்பற்றுகின்றனர்.

வீட்டில் இதைச் செய்ய, பதிவு செய்த வெடியொலியைக் கைபேசியில் மிகமிகத் தாழ்வாக ஒலிக்கவிட வேண்டும். நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுத் தொடர்ந்து தின்னும் அளவே சரியான அளவு. ஒலி முதலில், உணவு பிறகு என்னும் வரிசை முக்கியமானது. வரிசை மாறினால் உணவைக் கண்டதும் நாய் வெடியை எதிர்பார்த்து அஞ்சத் தொடங்கும். பல நாட்கள் அமைதியாக இருந்த பிறகே ஒலியை ஒரு படி கூட்ட வேண்டும். உணவை மறுத்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

இம்முறைக்கு வரம்பு உண்டு. கைபேசி ஒலியில் தரையின் அதிர்வும் மின்னும் ஒளியும் கந்தக நெடியும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் 1,225 நாய் உரிமையாளர்களிடம் கேட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒலிப்பதிவுப் பயிற்சி பயனளித்ததாகக் கூறியோர் 55 விழுக்காட்டினர். உண்மையான வெடி கேட்கும்போதெல்லாம் உடனே உணவோ விளையாட்டோ கொடுத்தோரில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பயன் கண்டனர். ஓய்வுப் பயிற்சிக்கும் ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது. அவ்வகையில் சிவகாசிப் பகுதியினருக்கு ஒரு வாய்ப்பு உள்ளது: தொலைவில் எப்போதாவது கேட்கும் ஒற்றை வேட்டு ஒவ்வொன்றும் இலவசப் பயிற்சி. சட்டைப்பையில் ஒரு துண்டு உணவு இருந்தால் போதும்.

குட்டிகளுக்கு 3 முதல் 12 வாரம் வரையிலான பருவம் இன்றியமையாதது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், புல்லர் ஆகியோர் தம் 1965ஆம் ஆண்டு நூலில் விளக்கிய இப்பருவத்தில் மென்மையாகப் பழகிய ஓசைகளைக் குட்டி பிற்காலத்தில் எளிதில் ஏற்கும். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரவெடியின் அருகில் நிறுத்துவது பழக்குதல் ஆகாது. அது வாழ்நாள் அச்சத்துக்கு வித்திடும்.

பயிற்சியைத் தொடங்க ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. தீபாவளிக்கு முந்தைய வாரம் தொடங்கினால் பயன் இராது. மேலும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையின் இடியும் வெடியோடு சேர்ந்துகொள்வதால், அப்போது தாழ்ந்த ஒலியில் பயிற்சி செய்யவே வாய்ப்புக் கிடைக்காது.

== தீபாவளி நாளில் ==

உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் தீர்ப்புக்குப் பின், தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க நேரம் குறிக்கப்பட்டது. நடைமுறையில் வெடிகள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஆயினும் இருட்டு விலகும் முன் நாயை வெளியே கொண்டுபோய் வந்துவிடுவது நல்லது. கயிற்றை எக்காரணத்தாலும் அவிழ்க்கக்கூடாது. வெடிக்கு மிரண்டு ஓடும் நாய் திசை பாராமல் நெடுந்தொலைவு ஓடும். கழுத்துப்பட்டையில் கைபேசி எண்ணை எழுதிவைப்பது திரும்பக் கிடைக்க உதவும்.

வீட்டின் நடு அறையில், கட்டிலுக்கு அடியிலோ பீரோவின் இடுக்கிலோ, நாய் தானே தெரிவு செய்த இடத்தில் அதன் பாயை விரித்து, சன்னலைத் துணியால் மூடி, மின்விசிறியையோ தொலைக்காட்சியையோ ஓடவிடலாம். அங்கிருந்து அதை வெளியே இழுக்கக்கூடாது. கட்டிப்போடுவதும் கூடாது, சங்கிலியில் மிரளும் நாய் தன் கழுத்தையே காயப்படுத்திக்கொள்ளும்.

"அஞ்சும்போது தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும்" என்பது பரவலான தவறான கருத்து. அச்சம் ஓர் உணர்ச்சியே தவிர, பரிசுக்காகச் செய்யும் செயல் அன்று. நாய் அருகில் வந்தால் அணைத்துக்கொள்ளலாம்.

== மருந்துகள் ==

கடுமையான ஓசை அச்சம் உள்ள நாய்களுக்குப் பயிற்சி மட்டும் போதாது. டெக்சுமெடிட்டோமிடின் என்னும் மருந்தை ஈறில் தடவும் களிம்பாக, நாய்களின் ஓசை அச்சத்துக்கென 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றது. முன்னாளில் பரவலாகக் கொடுக்கப்பட்ட அசிபுரோமசின் உடலைச் சோர்வடையச் செய்கிறதே தவிர அச்சத்தைக் குறைப்பதில்லை. அசைய முடியாத நாய் அஞ்சிக்கொண்டே கிடக்கும். எனவே தனியாக அதை மட்டும் கொடுப்பதை நடத்தையியல் மருத்துவர்கள் இன்று பரிந்துரைப்பதில்லை. மனிதருக்கான தூக்க மாத்திரையைத் தாமாகக் கொடுப்பது உயிருக்கு ஆபத்தானது. மருந்தைப் பண்டிகைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு, அமைதியான ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

== தெரு நாய்கள் ==

உரிமையாளர் இல்லாத நாய்களுக்கு மேற்கண்ட பயிற்சி எதுவும் இயலாது. அவை ஒடுங்கும் இடங்களான வண்டி நிறுத்துமிடம், மாடிப்படியின் கீழ்ப்புறம் ஆகியவற்றை அந்த ஓரிரவு மட்டும் அடைக்காமல் விடுதல், தண்ணீர் வைத்தல், பதறி நிற்கும் நாயை நெருங்காதிருத்தல் ஆகியவை செய்யத்தக்கவை. பதற்றத்தில் உள்ள நாய் பழகியவரையும் கடிக்கும். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். நாயின் வாலில் பட்டாசைக் கட்டிக் கொளுத்துதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் ஆகும்.