மூணு நிமிஷம்

பரளச்சிப் பக்கம் ஒரு டீக்கடையில் புது ஆள் உட்கார்ந்தால் கேள்வி ரெண்டாக வரும். முதலில், "தம்பிக்கு எந்த ஊரு?" பதில் சொன்னதும், "அங்க யாரு வீடு?" இந்த ரெண்டாவது பதிலோடு ஆளைக் கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். எந்தத் தெரு, என்ன சாதி, யாருக்கு யார் பங்காளி, எல்லாம் அதற்குள் அடக்கம். 1957இல் முதுகுளத்தூர்க் கலவரத்தைப் பார்த்த வட்டாரம் இது. இங்கே ஊர்ப்பெயர் வெறும் முகவரி இல்லை.

இதே ரெண்டு கேள்வியை ஒரு பொறியியல் கல்லூரி கேட்கப்போய், விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி, 1979-80 சேர்க்கை. எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50. அந்த 50ஐ நாலாகப் பிரித்திருந்தார்கள்: பொது அறிவுக்கு 15, ஒரு விஷயத்தை விரிவாகப் புரிந்துகொள்ளும் திறனுக்கு 15, பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்கு 10, ஆளுமைக்கு 10. காகிதத்தில் பார்த்தால் நல்லாத்தான் இருக்கு. ஆனால் உள்ளே போன பிள்ளைகளுக்குக் கிடைத்தது சராசரியாக ரெண்டு மூணு நிமிஷம். கேட்கப்பட்டது, பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான். எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் இந்த அறையில் சரிந்து, பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

அஜய் ஹாசியா வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். 1980 நவம்பரில் வந்த தீர்ப்பை நீதிபதி பி.என். பகவதி எழுதினார். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்துக்குக் கொடுப்பது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார். நேர்காணலை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அறைக்குள் நடப்பதற்கு ஒரு லாக் ஃபைல் வேண்டும் என்கிறார் மனுஷன், வேறென்ன! அதற்குள் சேர்ந்தவர்கள் பாதிப் படிப்பில் இருந்ததால் அவர்களை யாரும் கலைக்கவில்லை. விடுபட்டவர்களில் 50 பேரை வழக்கமான இடங்களுக்கு மேல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளக் கல்லூரி ஒப்புக்கொண்டது.

காஷ்மீர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. பத்து வருஷம் முந்தி, 1970இல், தமிழ்நாட்டு எம்பிபிஎஸ் சேர்க்கையிலும் இதே தகராறு வந்தது. பாட மதிப்பெண் 200, நேர்முகம் 75. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த 75 கொஞ்சம் அதிகம்தான், அரசு மறுபடி யோசிக்கலாம் என்று சொன்னதே தவிர, அதை ரத்து செய்யவில்லை.

இன்னும் பின்னால் போனால் 1950, ஐஏஎஸ் தேர்வு. பட்டியல் சாதியிலிருந்து வந்த முதல் ஐஏஎஸ் அதிகாரி என்று அறியப்படும் அச்யுதானந்த தாஸ் எழுத்துத் தேர்வில் 1050க்கு 609 வாங்கினார். அந்த வருஷம் முதலிடம் பிடித்த சென்னை மாகாணத்து என். கிருஷ்ணன் வாங்கியது 602. நேர்முகத்தில் 300க்குக் கிருஷ்ணனுக்கு 260, தாஸுக்கு 110. எழுத்தில் 494 மட்டுமே வாங்கிய இன்னொருவர் நேர்முகத்தில் 265 வாங்கித் தாஸைத் தாண்டிப் போனார். ஏழு மார்க் முன்னால் இருந்தவர், ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எழுந்ததும் 143 மார்க் பின்னால் போய்விட்டார். 'முதல் அபிப்பிராயம்' என்று சுயமுன்னேற்றப் புத்தகங்கள் கொண்டாடுவதன் விலையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கணக்கை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அரசு கொஞ்சம் கொஞ்சமாக அந்த அறையைச் சுருக்கியது. இன்றைக்கு யுபிஎஸ்சியில் 2025க்கு 275தான் நேர்முகம். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகமே கிடையாது. பரளச்சியிலிருந்து குரூப் 4 எழுதும் பிள்ளை யார் முன்னாலும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஓஎம்ஆர் தாளுக்கு ஊர் தெரியாது.

ஆனால் அஜய் ஹாசியா தீர்ப்பின் பெரிய புகழ் வேறொன்றில் இருக்கிறது. எந்த அமைப்பெல்லாம் 'அரசு' என்ற வரையறைக்குள் வரும் என்று சொன்ன தீர்ப்பு அது. கல்லூரி அரசின் கையாள் என்பதால்தான் சமத்துவ உரிமை அங்கே செல்லுபடியானது. தனியார் கம்பெனி அந்த வளையத்துக்குள் இல்லை. 1991க்குப் பிறகு முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாகப் போனது அங்கேதான். மூணு நிமிஷ அறையும் 'ஹெச்ஆர் ரவுண்டு' என்ற பெயரில் அங்கே குடிபோனது.

அங்கே முதல் கேள்வி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் இதற்கு ஒரு மனப்பாடப் பாட்டு உண்டு: மைசெல்ஃப் இன்னார், மை நேட்டிவ் ப்ளேஸ் இன்ன ஊர், மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப். உச்ச நீதிமன்றம் எந்த ரெண்டைக் கேட்டதற்காக ஒரு கல்லூரியைக் கண்டித்ததோ, அந்த ரெண்டையும் யாரும் கேட்காமலேயே முதல் இருபது விநாடியில் எடுத்து மேஜைமேல் வைத்துவிடுகிறோம். பயிற்சி கொடுப்பவர்கள் இதைப் பணிவு என்கிறார்கள். எனக்கு இது டீக்கடைக் கேள்விக்கு முன்கூட்டியே சொல்லும் பதிலாகத்தான் கேட்கிறது. ஊரை மறைக்கச் சொல்லவில்லை. அது கடைசியில் வரட்டுமே.

கேம்பஸ் தேர்வுக்குப் போகும்போது நான் தொடங்குவது வேறு மாதிரி: "உங்க ப்ராஜெக்ட்ல எது ஓடல?" போன வருஷம் ஒரு பையன் பாட்டைத் தொடங்கி, நான் குறுக்கே இதைக் கேட்டதும் திணறினான். அப்புறம், கிணற்று மோட்டாரைப் போனில் போட்டு அணைக்கும் கருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். கரண்ட் விட்டுவிட்டு வரும்போது ரிலே படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றான். பேப்பர் வாங்கிப் படம் போட்டான். பன்னிரண்டு நிமிஷம் ஆனது, வெளியே வரிசை முணுமுணுத்தது. எந்த ஊர் என்று கேட்க மறந்தே போனேன்.