சுவரில் மாட்டிய துறைமுகங்கள்



பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கச் சென்றபோது, ஓர் இல்லத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்கு எதிர்ச்சுவரில், கண்ணாடிச் சட்டமிட்ட பழைய வரைபடம் ஒன்றைக் கண்டோம். கப்பலில் பணிபுரியும் மகன் வாங்கி வந்த தூத்துக்குடித் துறைமுகப் படம் அது. "அழகுக்காக மாட்டியிருக்கோம், சரிதானே சாமி?" என்று அவருடைய தாயார் கேட்டார். அன்று விரிவாகப் பேச நேரமில்லை. இந்த ஜூபிலி மலரில் விடை கூறுகிறோம்.

இவ்வழக்கம் மிகப் பழமையானது. 1500-ஆம் ஆண்டில் யாக்கோபோ தே பார்பரி என்னும் ஓவியர், வானில் பறக்கும் பறவையின் கண்ணுக்குத் தெரிவதுபோல் வெனிஸ் நகரை வரைந்தார். ஆறு மரக்கட்டைகளில் செதுக்கி அச்சிட்ட தாள்களை ஒன்றாக ஒட்டினால் ஏறத்தாழ ஒன்பதடி அகலம் வரும். 1572 முதல் 1617 வரை கொலோனில் ஆறு தொகுதிகளாக ஒரு மாபெரும் நகரப் படநூல் வெளிவந்தது. அதன் தொகுப்பாசிரியர் கெயோர்க் பிரவுன், அந்நகர ஆலயமொன்றில் 37 ஆண்டுகள் பணியாற்றிய கத்தோலிக்கத் திருப்பணியாளர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. முதல் தொகுதியிலேயே கோழிக்கோடும் கண்ணூரும் கோவாவும் இடம்பெற்றன. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் தம் இல்லச் சுவர்களில் வரைபடங்களை விரும்பி மாட்டினர். வெர்மேரின் ஓவியங்கள் அதற்குச் சாட்சி. தம் கப்பல்கள் சென்ற தூரமே அவர்களுக்குப் பெருமை.

நமது கரைக்கு வருவோம். பால்தேயுஸ் என்ற டச்சுப் போதகர் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகியவற்றின் படங்கள் உள்ளன. அவை வெளிவருவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1658-இல், இம்மூன்றையும் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். தூத்துக்குடியிலிருந்து இயேசு சபைக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆயினும், 1542-இல் புனித சவேரியார் வந்து மறைக்கல்வி புகட்டிய பரதவ மக்கள், எவ்வளவு வற்புறுத்தியும் டச்சுச் சபையில் சேரவில்லை. குருவின்றியும் வீட்டில் செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்தனர்.

அந்த விசுவாசத்தை எந்த வரைபடம் காட்டும்? கோட்டையும் கொடிக்கப்பலும் பெரிதாகத் தெரியும். முத்துக் குளித்தவரின் மூச்சும், கரையில் காத்திருந்தவளின் கண்ணீரும் அதில் இரா. வென்றவர் தம் தேவைக்கு வரைந்த படம் அது.

ஆகவே, தாயே, தாராளமாக மாட்டுங்கள். வெயில் படாத சுவராக இருக்கட்டும். வெயிலில் மை வெளிறிவிடும். பழைய நூல்களிலிருந்து கிழித்து விற்கும் தாள்களைத் தேட வேண்டாம். நல்ல நகல் படமே போதும். படத்தின் பின்புறத்தில் உங்கள் பாட்டன் பாட்டியர் பெயர்களையும், அவர்கள் செய்த தொழிலையும், திருமுழுக்குப் பெற்ற ஆலயத்தையும் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் முன்புறத்தில் ஊரைக் காணட்டும். பின்புறத்தில் தம் மக்களைக் காணட்டும்.