எலி மருந்தும் மா. கிருஷ்ணனும்

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, நெல்லு பால் பிடிக்கிற நேரம். எலி வெட்டு தாங்கல. கடையில மருந்து வாங்கி வரப்பு ஓரமா வெச்சேன். எலி செத்துச்சு. நாலாம் நாள் புளியமரத்தடியில ரெண்டு கூகையும் செத்துக் கிடந்துச்சு. அந்த மருந்தைத் தின்ன எலி உடனே சாகாது. ரெண்டு மூணு நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடிச்சுத் தின்ற கூகைக்கும் விஷம் ஏறிடும். இது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

எங்க அப்பத்தா இருந்திருந்தா "அபசகுனம் தொலைஞ்சுது"ன்னு சொல்லியிருக்கும். எனக்கு மனசு கேக்கல. டவுன் நூலகத்துல பறவைகளைப் பத்தித் தேடினப்போ கையில கிடைச்சது மா. கிருஷ்ணன் எழுதின 'பறவைகளும் வேடந்தாங்கலும்'. கலைக்களஞ்சியத்துக்காக அவர் எழுதின கட்டுரைகளைப் பெருமாள்முருகன் தொகுத்த புத்தகம்.

யார் இந்த கிருஷ்ணன்? 'பத்மாவதி சரித்திரம்' எழுதின அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-ல் பிறந்தவர். 13 வயசுல அப்பாவை இழந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில படிச்சார். ஃபைசன் என்ற தாவரவியல் பேராசிரியரோட மலைக்காடுகளைச் சுற்றினார். சட்டமும் படிச்சார், ஆனா வக்கீலா நிலைக்கல. 1942-ல் கர்நாடகப் பக்கம் சண்டூர் சமஸ்தானத்துல வேலைக்குப் போனார். வாத்தியார், நீதிபதி, மகாராஜாவின் செயலாளர்னு பல வேலை. அதுக்கு நடுவுல ஆடு மேய்ச்சுப் பார்த்தார், தபாலுக்குப் புறா வளர்த்தார். நம்மள மாதிரி மண்ணுல கால் வெச்ச ஆளு.

சமஸ்தானம் போனதும் சென்னைக்குத் திரும்பி எழுத்தையே பிழைப்பாக்கிக்கிட்டார். 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில 1950-ல் இருந்து 1996-ல் சாகுற வரைக்கும், 46 வருசம் ஒரே பத்தி! புலி, யானை மட்டுமில்ல. காக்கா, அணில், ஓணான் எல்லாத்துக்கும் அதுல இடம் உண்டு. கறுப்பு வெள்ளையில படமும் எடுத்தார். 1970-ல் பத்மஸ்ரீ. அழகுக்காக வெளிநாட்டு மரம் நடுறதை எதிர்த்தார். நம்ம மண்ணுக்கு உரிய மரமே போதும்னு அடிச்சுச் சொன்னார்.

வேடந்தாங்கல் சேதி நம்ம விவசாயிகளுக்குப் பெருமை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி பயிருக்கு உரம்னு அந்த ஊர்க்காரங்க அப்பவே கண்டுகிட்டாங்க. பறவையைச் சுட வர்றவங்களைத் தடுக்கச் சொல்லி கலெக்டர்கிட்ட போய், 1798-லயே உத்தரவு வாங்கிட்டாங்க. சட்டம் வர்றதுக்கு ரொம்ப முந்தியே ஊர் காத்த பறவைகள் அவை.

இதைப் படிச்சப்போ எனக்கு வெட்கமா இருந்துச்சு. அந்தச் சம்சாரிங்க துப்பாக்கிக்காரனைத் தடுத்தாங்க. நான் கூலி வாங்காம காவல் காத்த ஜோடிக்கு விஷம் வெச்சேன்.

அதுல இருந்து மருந்து வைக்கறதில்ல. தஞ்சாவூர் கிட்டி வைக்கிறோம். ராத்திரி கூகை வந்து உக்கார, வயலுக்குள்ள டி வடிவத்துல குச்சி நட்டிருக்கேன். கிட்டி வைக்க ஆள் கூலி ஆகுது, கொஞ்சம் நெல்லு எலிக்கும் போகுது. பொய் சொல்லல.

புளியமரப் பொந்து இன்னும் காலியாத்தான் இருக்கு. சாயங்காலம் மடை மாத்தப் போறப்பெல்லாம் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துட்டு வர்றேன்.